பதினேழு அக்காவும் புது மென்பொருளும்

எனக்குக் கோபம் வந்தால் சமையலறையில் பாத்திரங்கள் பேசும் என்பார் என் கணவர். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது கம்ப்யூட்டர் முன்னால். உருட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளர்கூட இல்லை. அதனால் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த என் மகன்தான் அகப்பட்டான். போன் செய்தவனும் அவன்தான்.

“அம்மா, உன்னோட போட்டோ புரோகிராம் இருக்குல்ல, அத நிறுத்திட்டாங்களாம்.”

“நிறுத்திட்டாங்கன்னா இன்னா அர்த்தம்? எனக்கு ஓடிகினுதானே இருக்குது?”

“ஓடும்மா. அந்தக் கம்ப்யூட்டர் இருக்கற வரைக்கும் ஓடும். புதுசா யாருக்கும் தர மாட்டாங்க.”

“நல்லா ஓடறத எவனாவது நிறுத்துவானா? கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டானுங்களா?”

“என்னைய ஏம்மா திட்டற? நானா நிறுத்தினேன்?”

நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்தியவன் எந்த தேசத்தில் இருக்கிறானோ, அவன் நம்பர் என்னிடம் இல்லை. பெற்ற பிள்ளையின் நம்பர்தான் இருந்தது. நன்றாகத் திட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

கைப்பேசியில் இலவசமாக இணையம் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. நெய்வேலியில் பெரியவர் சின்னவர் எல்லாம் குனிந்த தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு அந்த மோகம் இல்லை. எனக்கு என் கேமரா, என் கம்ப்யூட்டர், என் புரோகிராம். மகன் பள்ளியில் சேர்ந்த புதிதில் வாங்கிய டிஜிட்டல் கேமரா. எங்கள் பக்கத்தில் அப்போது வேறு யாரிடமும் கேமரா இல்லாததால், பிறந்த நாள், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, புத்தகக் கண்காட்சி, கோயில் திருவிழா எதுவானாலும் “அத்தக் கொஞ்சம் எடுத்துகினு வாங்க” என்று என்னையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். நானும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விடுவேன்.

எடுத்த படங்களையெல்லாம் அந்தப் புரோகிராம் அழகாக அடுக்கி வைக்கும். அதைவிட அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. படத்தில் உள்ள முகங்களை அதுவே தனித்தனியாக வெட்டி எடுத்து, இது யார் என்று கேட்கும். நாம் பேரைத் தட்டினால் போதும், அதே முகம் எந்தப் படத்தின் மூலையில் நின்றாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும். கல்யாணப் பந்தியில் நாலாவது இலையில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிறவரைக்கூட விடாது. ஆங்கிலத்தில் தட்டினால் தமிழாக விழுகிற முறையில் நான் பேர் போடக் கற்றுக்கொண்டேன். மத்தியானத் தூக்கத்தை விட்டு, வருஷக்கணக்காக உட்கார்ந்து போட்ட பேர்கள் அவை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

பேர் என்று சொல்கிறேனே தவிர, நான் போட்டது யாருடைய பேரும் இல்லை. நெய்வேலியில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவர் தஞ்சாவூர், ஒருவர் மதுரை, ஒருவர் ஒரத்தநாடு. நான் திருவதிகைக்காரி. யாரையாவது முதன்முதலில் பார்த்தால் பேரைக் கேட்க மாட்டோம். “நீங்க எந்த பிளாக்?” என்றுதான் கேட்போம். டவுன்ஷிப் முழுக்க பிளாக் பிளாக்காகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ்தானே. ஆண்களுக்கு மைன்ஸ், ஷிப்ட் என்று வேறு அடையாளங்கள் உண்டு. பெண்களுக்கு பிளாக் நம்பர்தான். இருபத்தொன்று மாமி, எட்டு ஆண்ட்டி, மார்க்கெட் பக்கத்து ஐந்து அக்கா. அப்படித்தான் கூப்பிடுவோம், அப்படித்தான் நானும் படங்களுக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அதில் பதினேழு அக்காதான் எனக்கு எல்லோரிலும் முக்கியம். கல்யாணமாகி வந்தபோது எங்களுக்குப் பதினேழாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எதிர் வீட்டில் அக்கா. திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். குழம்புக்குப் புளி கரைப்பதிலிருந்து பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவது வரை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். வாயும் அவரிடம் கற்றதுதான் என்பார் என் கணவர். பிறகு நாங்கள் பதினொன்றுக்கு மாறினோம். எதிர்வீட்டு அக்கா அப்போதுதான் பதினேழு அக்கா ஆனார். அவர் கணவருக்குப் பிரமோஷன் வந்து அவர்களும் நாலாம் பிளாக்குக்குப் போய்விட்டார்கள். போனால் என்ன, அவர் பதினேழு அக்காதான். நாலு அக்கா என்று ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், அவளைக் கண்டால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது.

பதினேழு அக்காவின் கணவர் ரிட்டயர் ஆகிற மாதம் வந்தது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர்கள் ஊரோடு போவதென்று முடிவு செய்து, அங்கே வீடும் கட்டிவிட்டார்கள். அக்காவுக்குப் போக அரை மனசு. மாமனார் சொத்தில் நடுச்சுவர் பற்றி ஏதோ தகராறு வந்து, கொழுந்தன் மனைவி பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, போனை எடுத்து நீட்டினார் அக்கா.

“இங்க பாருட்டி. இந்த இடத்துல அவ படம் இருக்கும். இப்ப வெள்ளையா ஒரு பொம்மைதான் வருது. பிளாக் பண்ணிட்டாளாம். எம்மவ சொல்லுதா. நான் என்ன சொன்னாலும் அவளுக்குப் போவாதாம். எம்மூஞ்சியே வேண்டாம்னுதானே அர்த்தம்?”

“வுடுங்கக்கா. அவ கெடக்குறா.”

“அவ பக்கத்து வீட்டுலதான் நான் போயி இருக்கணும். நீ ஈசியா விடுன்னு சொல்லுத.”

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அக்கா சொன்னார்:

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ட்டி. எம்பிள்ளையளோட படத்தையெல்லாம் மட்டும் பிரிச்சுத் தந்துரு. நான் எடுத்துட்டுப் போறேன்.”

அதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பர் கடைசியில் வந்த புயல் நெய்வேலியில் மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டதே, அன்றைக்கு அக்கா வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கிளை உள்ளே வந்தது. பின்னாலேயே மழை. பீரோ மேல் இருந்த ஆல்பங்கள் எல்லாம் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் பிள்ளைகளின் முகம் தனியாக உரிந்து வந்தது. அக்கா அதை வெயிலில் வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார். ஆக, அவர் பிள்ளைகள் வளர்ந்த படங்கள் என்று மிஞ்சியவை என் கம்ப்யூட்டரில் இருந்தவை மட்டும்தான். அவற்றை நான் பிரித்துக் கொடுத்தாக வேண்டும், அதுவும் லாரி வருவதற்குள்.

பழைய புரோகிராம் இருந்திருந்தால் அது ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரத்து வேலை. பதினேழு அக்கா என்று தட்டினால், பதினேழு அக்கா மகள், பதினேழு அக்கா மகன் எல்லாம் வரிசையில் வந்து நின்றிருக்கும். ஆனால் நன்றாக ஓடுகிறது என்று மகனிடம் சொன்ன என் வாய் முகூர்த்தமோ என்னவோ, அக்கா கேட்ட வாரமே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அது ஓடும்போது வருகிற சத்தத்தைக் கேட்டு, “பேரிங் போயிடுச்சு” என்று என் கணவர் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர் அவர். உலகத்தில் எது சத்தம் போட்டாலும் பேரிங் என்பார், என்னையும் சேர்த்து.

மந்தாரக்குப்பத்தில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

“போட்டோ ஒண்ணுகூடப் போகல மேடம். எல்லாம் பத்திரமா இருக்குது. பேருங்கதான் வரல. அதெல்லாம் அந்தப் புரோகிராமுக்குள்ள இருந்தது. அதுவே இப்ப இல்லியே.”

அடப் பாவிகளா! நான் தூங்காமல் போட்ட பேர்கள். வழியெல்லாம் நான் பேசவே இல்லை. நான் பேசாமல் இருப்பது என் கணவருக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் தானே போய் உலை வைத்தார்.

புது லேப்டாப் வாங்கினோம். பெண் பார்ப்பதுபோல் ஒவ்வொரு மென்பொருளாகப் பார்க்க ஆரம்பித்தேன். மகன் போனில் சொல்லச் சொல்ல இறக்கி, போட்டுப் பார்த்து, பிடிக்காததைத் தூக்கிக் கடாசினேன். ஒன்று, படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்று என்றது. எங்கள் வீட்டு லைனில் ஒரு கல்யாண ஆல்பம் ஏறுவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும். அதோடு, என் வீட்டுப் படத்தை நான் ஏன் ஊரான் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்? இன்னொன்று தேதிப்படிதான் அடுக்குவேன் என்றது. என் கேமராவில் பேட்டரியைக் கழற்றினால் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். அதனால் என் மகன் பிறப்பதற்கு முன்பே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியதாக அது அடுக்கி வைத்தது. மூன்றாவது, ஸ்டூடியோக்காரர்களுக்கானது. நிறத்தைக் கூட்டு, குறை, தோலை மழமழப்பாக்கு என்று ஏகப்பட்ட பொத்தான்கள். எட்டு ஆண்ட்டியின் முகத்தைச் சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். கல்யாணமாகாத பெண்போல ஆகிவிட்டார். அவருக்குக் காட்டியிருந்தால் அதையே வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பார்.

நாலாவதாக வந்ததுதான் மனசுக்குப் பிடித்தது. இணையம் கேட்கவில்லை. முகங்களைத் தானே பொறுக்கிச் சேர்த்தது. தமிழில் பேர் போட்டால் ஏற்றுக்கொண்டது. உத்தரவுகள் மட்டும் ஆங்கிலத்தில். ஒரு பகல் முழுக்க ஓடி, எல்லா முகங்களையும் கட்டுக் கட்டாகப் பிரித்து, பேர் போடுங்கள் என்று நிறுத்தியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டும்தான், பரவாயில்லை. இத்தனை முகங்களையும் ஒரு தடவை பார்த்து முடிக்கலாம் என்று நினைத்தேன்.

உட்காரப் போகிற நேரத்தில் திருவதிகையிலிருந்து என் தங்கை கூப்பிட்டாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள், போகாமல் இருக்க முடியாது. என் கணவருக்கு வீக்லி ஆஃப்.

“நீ போயிட்டு வா. நான் வூட்லதான இருக்கப் போறேன், பேர் போட்டு வெக்கிறேன்.”

“உங்களுக்கு வராதுங்க. எதையாவது பண்ணி வெப்பீங்க.”

“பெல்ட்டு லைனையே பாக்கறேன். இது வராதா?”

முகத்தைத் தட்டினால் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டியல் விரியும், அதில் இதைத் தட்டி எழுத வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் “தெரியும் தெரியும்” என்று மூன்று தெரியும் சொன்னார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து பையைக் கீழே வைக்கிறேன், வாசலில் அக்காவும் அவர் மகளும். மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீடு காலி செய்ய உதவுவதற்கு லீவு போட்டு வந்திருந்தாள். கையில் பென் டிரைவ்.

“என்னட்டி, எல்லாம் ரெடியா?” என்றார் அக்கா.

“எல்லாம் முடிச்சுட்டேன்மா. உக்காருங்க, காப்பி கலக்கறேன்” என்று என் கணவர் பெருமையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். நிஜமாகவே காலையில் கோலம் போட்ட வாசல்போலச் சுத்தமாக இருந்தது. ஆனால் இருந்ததெல்லாம் எங்கள் ஊர்ச் சொந்தக்காரர்களும் அவருடைய மைன்ஸ் கூட்டாளிகளும்தான். பதினேழு அக்கா என்று தட்டினேன். ஒன்றும் இல்லை. அக்கா என்று மட்டும் தட்டினேன். என் சொந்த அக்கா வந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது.

“நான் பாக்கறேன் ஆண்ட்டி” என்று அந்தப் பெண் மவுஸை வாங்கினாள். எங்கேயோ போனாள், எதையோ திறந்தாள். திரையில் முகங்கள் வந்தன. முதல் முகம், பெரிதாக, அக்கா. மேலே இருந்த தலைப்பைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள்.

“ஐயோ ஆண்ட்டி, எங்கம்மாவ பிளாக் பண்ணிட்டீங்களா!”

அக்கா சிரிக்கவில்லை. “யாரு பண்ணா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் காப்பித் தட்டோடு வந்து நின்றார். “நான்தாம்மா” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “மொத மொதல்ல உங்களத்தான் பண்ணேன். அப்புறந்தான் மத்தவங்க.”

அக்கா எழுந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். காப்பியைத் தொடவில்லை. “நீ ஊருக்குப் போயிட்டு வந்திருக்க. அலுப்பா இருக்கும். நாங்க போறோம்” என்றார்.

எத்தனை வருஷப் பழக்கம். ஒரு நாளும் அவர் என் வீட்டு வாசலில் “வாரேன்” என்று சொல்லாமல் இறங்கியதில்லை. போறோம் என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மகள் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினாள்.

“இன்னாத்தப் பண்ணி வெச்சீங்க?” என்று திரும்பினேன்.

அவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். “ஏன், இன்னா ஆச்சு? நீ சொன்ன மாதிரிதான பண்ணேன்.”

“நான் இன்னா சொன்னேன்?”

“மூஞ்சியத் தட்டுனா லிஸ்ட்டு வரும்னு சொன்ன. வந்துச்சு. மேல நேம்னு இருந்துச்சு, கீழ பிளாக்னு இருந்துச்சு. நம்மூருக்காரங்க, மைன்ஸ்காரங்க இவங்களுக்குப் பேரு தெரியும். அடிச்சுட்டேன். மத்தவங்களுக்கு யாருக்குப் பேரு தெரியுது எனக்கு? பிளாக்குதான தெரியும். அதான் பிளாக்க அமுக்குனேன்.”

வேண்டாத முகத்தை மறைத்து வைக்க அந்த மென்பொருளில் இருந்த பிளாக் அது. அவர் விளையாடவில்லை.

“அமுக்குனதும் ஷூரான்னு கேட்டான். எஸ்னு போட்டேன். எனக்கு நல்லாத் தெரியுமே, அவங்க பதினேழுன்னு. மூஞ்சி உள்ள பூடுச்சு. சரி, கரெக்டா அந்தந்த பிளாக்குல போயி ஒக்காந்துடுச்சுன்னு நெனச்சேன். பரவால்லியே, நம்ம டவுன்ஷிப்ப நெனச்சே செஞ்சிருக்கானுங்கன்னு சந்தோஷமா வேற இருந்துச்சு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கரண்டியால் ஒன்று போடலாமா என்றும் வந்தது. சிரித்துக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். கொழுந்தன் மனைவி செய்ததை நானும் செய்துவிட்டேன் என்றுதானே அக்கா நினைத்திருப்பார்? போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. அந்த மனக்குறையோடு அவர் லாரி ஏறிவிட்டால், அப்புறம் திருநெல்வேலிக்குப் போய் நான் யாரிடம் விளக்கம் சொல்வது?

காலையில் லேப்டாப்பை மார்க்கெட் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். “நீங்கதான் பேசணும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். நாலாம் பிளாக்கில் அக்கா வீட்டுக் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அக்கா ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், “வாங்க” என்றார், திரும்பவும் கயிற்றை இழுத்தார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். “அம்மா, நான் உங்கள பிளாக் பண்ணல. பிளாக்குல போட்டேன்.”

அக்கா நிமிரவில்லை. “ரெண்டும் ஒண்ணுதானே தம்பி.”

“இல்லம்மா. இது நம்ம பிளாக்கு. பதினேழாம் பிளாக்கு.”

“நான் அங்கருந்து வந்து எவ்வளவோ காலமாச்சே.”

“ஆனாலும் நீங்க பதினேழுதானம்மா?” என்றார் அவர் பரிதாபமாக.

இவரை நம்பினால் லாரியே வந்துவிடும் என்று தெரிந்தது. நான் ஒரு பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். நேற்று அந்தப் பெண் கண்டுபிடித்த இடத்தை நானும் தேடிப் பிடித்தேன். “அக்கா, எம்மேல கோவம்னா அப்புறம் படுங்க. மொதல்ல இத்தப் பாருங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

முதல் முகம் அக்கா. நேற்று அதற்குக் கீழே யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது முகம் நான். மூன்றாவது என் கணவர். அப்புறம் இருபத்தொன்று மாமி, எட்டு ஆண்ட்டி, கோயில் குருக்கள், பால்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், நாலு அக்கா, அவள் நாய். நான் உருட்டிக்கொண்டே போனேன். டவுன்ஷிப்பே அங்கே இருந்தது.

அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஒன்னையுமா பண்ணிருக்காவ?”

“கட்டுன பொண்டாட்டிய பிளாக் பண்ணிட்டு, தன்னியும் பிளாக் பண்ணிகினு, வேல முடிஞ்சுதுன்னு வடை துன்னுகினு ஒக்காந்திருக்காரு இந்த மனுஷன்.”

“நாமெல்லாம் பதினொண்ணுதானே, அதனாலதான்...” என்று ஆரம்பித்தார் என் கணவர்.

அக்காவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெட்டியிலேயே சாய்ந்து சிரித்தார். “நாயிக்குக்கூட பிளாக் தெரிஞ்சிருக்கு பாரேன் ஒம்மாப்பிள்ளைக்கு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து, விஷயம் தெரிந்து, அவளும் உட்கார்ந்துவிட்டாள். “அங்கிள், இது உலக லெவல்” என்றாள். அவர் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“நான் நேத்து ராத்திரி பூரா நெனச்சேன்ட்டி” என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவகிட்ட நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு. ஒண்ணும் ஞாபகம் வரல. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.”

“என்னியக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா?”

அவர் கையை இன்னும் விடாமல்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக விடுவித்தோம். நாங்கள் உட்கார மகள் ஒரு மெத்தையைப் பிரித்துப் போட்டாள். என் கணவரை மவுஸ் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி, பெட்டி கட்டுகிற வேலைக்கு அனுப்பினோம். ஒவ்வொரு முகத்தையும் விடுவிக்கும்போது, இது யார் என்று அந்த மென்பொருள் கேட்டது. நான் தட்டினேன், அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொன்னார். அவர் பிள்ளைகள் வந்தார்கள். பல் விழுந்த மகள், கேமராவைப் பார்த்தாலே அழுகிற மகன், பள்ளி ஆண்டு விழாவில் மீசை ஒட்டி நின்ற அதே மகன். உரிந்துபோன ஆல்பத்தில் இருந்தவை அல்ல, வேறு படங்கள். பல படங்களை அக்கா அதுவரை பார்த்ததே இல்லை. மற்றவர்களை எடுக்கும்போது பின்னால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள். “ஏட்டி, இந்தச் சட்டைய நான்தான் தச்சேன்” என்று திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நல்ல மென்பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று எனக்கு நிறைவாக இருந்தது.

கடைசியில் அக்காவின் முகத்தை எடுத்தேன். இது யார் என்று கேட்டது.

அவர்தான் போகப் போகிறாரே, இனிமேல் எந்த பிளாக் என்று நினைத்து, அவருடைய சொந்தப் பேரைத் தட்டினேன். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பேர். தமிழாக விழுந்தது.

அக்கா முகத்தைச் சுளித்தார். “யாருட்டி இது? ரேஷன் கடையில கூப்புடுத மாதிரி இருக்கு.”

“உங்க பேருதானக்கா.”

“இருக்கட்டும். அங்க போனா நான் இன்னாரு பொஞ்சாதி, இன்னாரு மூத்த மருமவ. அங்க என்னைய யாரு இந்தப் பேரச் சொல்லிக் கூப்புடப் போறா? பழையதயே போடு.”

அழித்துவிட்டு, பதினேழு அக்கா என்று போட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

மகள் அம்மாவுக்கென்று கொண்டுவந்திருந்த தன் பழைய லேப்டாப்பிலும் அதே மென்பொருளை இறக்கி, படங்களையெல்லாம் அதில் ஏற்றினாள். அது அக்காவோடு ஊருக்குப் போகிற பிரதி. அதில் என் முகம் வந்து நின்றது.

“எனக்கு இன்னாக்கா போடட்டும்? எதுத்த வூடுன்னு போடவா?”

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் படத்தைப் பார்த்தார்.

“வேண்டாம்ட்டி. அங்க உள்ளவிய யாரு இதுன்னு கேப்பாவ. எதுத்த வீடுன்னு சொன்னா, யாரோ எவளோன்னு தள்ளி விட்டுட்டுப் போயிருவாவ” என்றார். “தங்கச்சின்னு போடு.”

தட்டினேன். தப்பாக விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினேன், அதுவும் தப்பு.

“மொதல்ல கண்ணத் தொடச்சிக்கோ” என்றார் அக்கா. “அப்புறமா அடி.”